எங்கிருந்து தொடங்கலாம்? அறிவியல் புனைவிலும் ஃபேன்டசியிலும் தன்பாலீர்ப்புப் பாத்திரங்களை வாசிக்க ஒரு வழி

"கே, பைசெக்ஷுவல் பாத்திரங்கள் வருகிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஏதாவது சொல்லுங்கண்ணா" என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஐம்பது பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று வந்து விழும். அதன் தலையில் 1969-ல் வந்த ஒரு நாவல் உட்கார்ந்திருக்கும்: உர்சுலா லெ குவின் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'. எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். நாற்பது பக்கம் தாண்டவில்லை. வாயில் நுழையாத ஊர்ப்பெயர்கள், அரசவைச் சூழ்ச்சி, ஓயாத பனி. பேருந்துச் சீட்டு ஒன்றை அடையாளத்துக்குச் செருகி அலமாரியில் வைத்தேன். இந்த வகை எழுத்தே நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டி, சில வருடங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

தப்பு புத்தகத்தில் இல்லை, வரிசையில் இருந்தது. அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகும். புதியதில் தொடங்கிப் பழையதில் முடியும். லெ குவின் கடைசியில் வருவார்.

முதலில் சொற்கள்

தன் பாலினத்தவர்மீதே ஈர்ப்புள்ளவர் தன்பாலீர்ப்பாளர். ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர்மீது ஈர்ப்புள்ளவர் இருபாலீர்ப்பாளர். பேச்சில் கே, லெஸ்பியன், பைசெக்ஷுவல், பொதுவாகக் குயர். இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் திருநங்கை, திருநம்பி என்ற சொற்களையும் இதே பையில் போட்டுக் குலுக்கும்போது வருகிறது. நம்மூரில் படித்தவர்களே குலுக்குகிறார்கள். ஒருவர் தம்மை யாராக உணர்கிறார் என்பது ஒரு கேள்வி, அவருக்கு யார்மீது ஈர்ப்பு என்பது வேறு கேள்வி. பாலினமே மாதத்துக்கு மாதம் மாறுகிற கிரகங்கள் எல்லாம் இந்தக் கதைகளில் வரும். இரண்டு கேள்விகளையும் இப்போதே பிரித்து வைத்துக்கொண்டால் அங்கே போய்த் திணற வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் தேடும்போது பெண்ணுக்கும் பெண்ணுக்குமான காதல் கதைகளுக்கு 'சாஃபிக்' என்ற சொல் இப்போது நிறையப் புழங்குகிறது. வெறுமனே 'லெஸ்பியன்' என்று தேடினால் வேறு வகைச் சரக்கு வந்து கொட்டும். 'சாஃபிக் ஃபேன்டசி' என்று தேடினால் புத்தகங்கள் வரும்.

முதல் மாலை

புத்தகம் வேண்டாம். 'பிளாக் மிரர்' தொடரின் மூன்றாம் பருவத்தில் நான்காவது அத்தியாயம், 'சான் ஹூனிபெரோ'. 2016-ல் வந்தது, ஒரு மணி நேரம்தான். மறு ஆண்டு இரண்டு எம்மி விருதுகள் வாங்கியது. முன்னால் வந்த அத்தியாயங்களைப் பார்த்திருக்கத் தேவையில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை.

1987, கடலோர ஊர், சனிக்கிழமை இரவு. பெரிய கண்ணாடி போட்ட, ஆடத் தெரியாத யார்க்கி ஒரு கிளப்புக்குள் வருகிறாள். அங்கே கெல்லியைச் சந்திக்கிறாள். இதில் அறிவியல் புனைவு எங்கே என்பதை நான் சொல்ல மாட்டேன், பாதியில் நீங்களே பிடித்துவிடுவீர்கள். ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கெல்லி ஓர் ஆணுடன் 49 வருடம் வாழ்ந்தவள். பின்னால் ஒரு காட்சியில் அதைப் பற்றிக் கோபமாகப் பேசுவாள். அந்த 49 வருடமும் பொய், இப்போதுதான் உண்மையான நான் என்று அவள் சொல்வதில்லை. அந்த மனிதரை அவள் நேசித்தாள், யார்க்கியையும் நேசிக்கிறாள். இருபாலீர்ப்பு என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. இது நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது; வீட்டில் எல்லோருக்கும் அங்கே ஒரே கணக்கு என்றால், பார்த்து முடித்ததும் பார்த்தவற்றின் பட்டியலிலிருந்து அதை மறைத்துவிடலாம், அமைப்புகளில் வசதி இருக்கிறது. உங்கள் புரொஃபைலுக்குப் பூட்டும் போடலாம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இதைச் செய்யாமல் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போக, மறுநாள் காலை ஹால் டிவியில் 'தொடர்ந்து பாருங்கள்' வரிசையில் முதலில் நின்றது அதுதான். அவன் அத்தை அதைப் பழைய டிஸ்கோ படம் என்று நினைத்துக்கொண்டது அவன் அதிர்ஷ்டம்.

கையில் ஒரு கேள்வி

இனி எதை எடுத்தாலும் ஒன்றைக் கேளுங்கள். இந்த உலகத்தில் இந்தக் காதலுக்கு என்ன விலை?

யார் கே, யார் பை என்று எண்ணிக்கொண்டு போவதைவிட இது பயன்படும். இந்த வகை எழுத்தில் சட்டம், சாமி, குடும்பம் எல்லாவற்றையும் எழுத்தாளரே உண்டாக்குகிறார். நம் உலகத்துக் கதையில் 'ஊர் என்ன சொல்லும்' என்பது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கற்பனை உலகத்தில் அதை ஒருவர் வேண்டுமென்றே உள்ளே கொண்டுவர வேண்டும், அல்லது வேண்டுமென்றே வாசலில் நிறுத்த வேண்டும்.

வாசலில் நிறுத்தியதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எலன் குஷ்னரின் 'சோர்ட்ஸ்பாயின்ட்'. கூலிக்கு வாள் சுழற்றும் ரிச்சர்ட், அவனோடு ஒரே அறையில் வாழும் வாய்த்துடுக்கான அலெக். பிரபுக்களின் சதியால் அவர்களுக்கு ஆபத்து வருகிறது, வாள்முனையால் வருகிறது. இருவரும் ஆண்களாயிற்றே என்று மட்டும் அந்த நகரத்தில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது 1987-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. அந்த வருடத்தில் விலையே இல்லாத ஓர் ஊரைக் கட்டுவது சின்ன வேலையா?

விலையை முழுதாக வசூலிக்கும் நாவல் வேண்டுமென்றால் செத் டிக்கின்சனின் 'தி ட்ரெய்ட்டர் பாரு கார்மொரன்ட்' (2015). பாரு ஒரு தீவுச் சிறுமி. அவளுக்கு ஓர் அம்மா, இரண்டு அப்பாக்கள், ஊரில் அது இயல்பு. பிறகு முகமூடிப் பேரரசு வருகிறது. முதலில் வியாபாரம், காகிதப் பணம், அப்புறம் பள்ளிக்கூடம், 'சுகாதாரம்'. அப்பாக்களில் ஒருவர் காணாமல் போகிறார். பாருவுக்குப் பெண்கள்மீது ஈர்ப்பு; அவளுக்குப் படிப்பு கொடுத்த பேரரசுக்கு அது குற்றம். அவள் கணக்குப் பதிவாளராகிறாள். வாளைவிடப் பேரேடு கூர்மையாக வெட்டுகிற ஃபேன்டசி நாவல் வேறொன்று எனக்குத் தெரியாது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை சட்டென்று புரியும் என்று நினைக்கிறேன். தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு 1860-ல் வெள்ளைக்காரர் எழுதிக் கொடுத்தது. அதே சரக்கு இலங்கைக்கு 1883-ன் தண்டனைச் சட்டத்தில் 365 என்ற எண்ணோடு போனது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் 377 என்ற அதே எண்ணோடு போனது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று சொன்னது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-ல், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய தன் 377ஏ பிரிவை நீக்க வாக்களித்தது. இலங்கையிலோ 1995-ல் செய்த திருத்தம் 365ஏ-வுக்குள் பெண்களையும் சேர்த்தது. சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு என்று எங்கே உட்கார்ந்து படித்தாலும் பாருவின் பேரரசு யாருடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: முடிவு கல் மாதிரி கனக்கும். முதல் புத்தகமாக இதை எடுக்காதீர்கள்.

முதல் புத்தகம்

சரி, பின் எதை எடுப்பது? என் பரிந்துரை தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021). காரணம் எளிது. நாயகிகளின் பெயர் பிரியா, மாலினி. பெயரைப் படிக்கவே இருபது பக்கம் திணறும் தொல்லை இல்லை. பேரரசன் தன் தங்கை மாலினியைத் தீயில் இறங்கச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். அதற்குத் தண்டனையாகப் பாழடைந்த கோயில் ஒன்றில் சிறை. அங்கே வேலைக்காரியாக வருகிறாள் பிரியா. அவளுக்கு அந்தக் கோயிலோடு மறைக்க வேண்டிய பழைய தொடர்பு ஒன்று உண்டு. இருவருக்கும் ஒருவரால் ஒருவருக்கு ஆக வேண்டிய காரியம் இருக்கிறது. அதனால் காதல் எங்கே முடிகிறது, காரியம் எங்கே தொடங்குகிறது என்று கடைசிவரை சந்தேகமாகவே இருக்கும். மாலினி நல்லவள் இல்லை, எனக்கு அவளைத்தான் பிடித்தது. 2022-ல் உலக ஃபேன்டசி விருது பெற்ற நாவல். மூன்று பாகங்களும் வந்துவிட்டன.

அடுத்து கொழும்புக்காரர் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). நெபுலா விருது பெற்றது. தொடக்கமே இப்படி: குழந்தை பிறந்த கணமே தாய் அதன் நிழலைப் பெரிய பித்தளை ஆணியால் தரையோடு அறைந்து, பிய்த்து எடுத்துவிடுகிறாள். தந்தையைக் கொல்வதற்காகவே வளர்க்கப்படும் அந்தப் பையன், ஃபெட்டர், வளர்ந்து நகரத்துக்கு ஓடிவந்து, தெய்வமாகத் தேர்ந்தெடுக்கப்படாமல் போனவர்களின் ஆறுதல் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அவனுக்குக் காதலன் உண்டு. அதைப் பெரிய செய்தியாக யாரும் அறிவிப்பதில்லை. ஆனால் எந்த இனம், எந்தச் சாதி, கையில் என்ன காகிதம் என்பதற்கு அந்த நகரத்தில் விலை உண்டு, மிகப் பெரிய விலை. கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கப் பழக நல்ல இடம். நடை கொஞ்சம் வளைந்து வளைந்து போகும், பொறுமை வேண்டும்.

இணையத்தில் எல்லோரும் புதியவர்களுக்குக் கொடுப்பது இன்னொன்று: அமல் எல்-மொஹ்தாரும் மேக்ஸ் கிளாட்ஸ்டனும் சேர்ந்து 2019-ல் எழுதிய 'திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் த டைம் வார்'. காலத்தின் ஊடே போரிடும் இரண்டு எதிரி ஒற்றர்கள், ரெட், புளூ, இருவரும் பெண்கள். ஒருவருக்கொருவர் ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். கடிதம் தாளில் இருக்காது, மரத்தின் ஆண்டு வளையங்களில் கூட இருக்கும். அழகான புத்தகம். இருநூறு பக்கம்தானே, எளிதாக இருக்கும் என்று மட்டும் ஏமாறாதீர்கள். பாதி வரிகளைக் கவிதை படிப்பதுபோல் இரண்டு முறை படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் கைப்பழக்கம் வந்தபின் எடுங்கள்.

இருபாலீர்ப்பாளர் காணாமல் போகும் இடம்

இருபாலீர்ப்புப் பாத்திரங்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஒருத்தி கடைசியில் ஆணுடன் சேர்ந்தால் 'பார், அவள் சாதாரணமானவள்தான்' என்பார்கள். பெண்ணுடன் சேர்ந்தால் 'அப்படியென்றால் முன்னால் இருந்தது நடிப்பு' என்பார்கள். இரண்டு பக்கமும் கணக்கிலிருந்து அடித்துவிடுவார்கள். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பெண்ணின் கதையான 'பஃபி' தொடரில் வரும் வில்லோ அப்படித்தான். ஆஸ் என்ற பையனை மனதாரக் காதலித்தாள், பிறகு டாரா என்ற பெண்ணை. அதன்பின் அந்தத் தொடர் அவளை லெஸ்பியன் என்ற ஒரே சொல்லால்தான் குறித்தது, ஆஸ் பழைய வாடகை வீடுபோல ஆகிவிட்டான். வில்லோ தன்னை எப்படி அழைத்துக்கொள்ள விரும்புகிறாளோ அது அவள் உரிமை. ஆனால் 'பைசெக்ஷுவல்' என்ற சொல் அங்கே ஒரு வாய்ப்பாகக்கூட எழவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மாற்று மருந்து 2005-ல் மறுபடி புதிதாகத் தொடங்கிய பிரிட்டிஷ் காலப்பயணத் தொடர் 'டாக்டர் ஹூ'வின் கேப்டன் ஜாக் ஹார்க்னஸ். 51 ஆம் நூற்றாண்டு ஆள், வேற்றுக்கிரகவாசிகளைக்கூட விட்டுவைக்காமல் வழிவார். அந்தப் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் சாகப்போகிறோம் என்று தெரிந்தே சண்டைக்குக் கிளம்புகிறார். போகும் முன் தோழி ரோஸுக்கு ஒரு முத்தம், அடுத்து நாயகன் டாக்டருக்கு ஒரு முத்தம். இரண்டும் ஒரே அளவு, ஒரே கனிவு. இசை மாறவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. குடும்பத்தோடு சனிக்கிழமை மாலை பார்க்கும் தொடர் அது. நான்கைந்து நொடிகள்தான், மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

நாவலில் வேண்டுமென்றால் என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015). அதில் தொடங்கும் வரிசையின் மூன்று பாகங்களும் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் ஹியூகோ விருது வாங்கின. அலபாஸ்டருக்கு ஆண்கள்மீது ஈர்ப்பு. இன்னான் என்ற கடற்கொள்ளைத் தலைவனுக்கு ஆண், பெண் இருபாலர்மீதும். சையனைட் என்ற பெண் நடுவில். ஒரு தீவில் மூவரும் சேர்ந்து குழந்தை வளர்க்கும் பகுதி ஒன்று வரும். அந்த நாவலிலேயே மனிதர்கள் நிம்மதியாக மூச்சு விடும் இடம் அதுதான்.

சாவைச் சோதித்துவிட்டு உள்ளே போங்கள்

2002-ல் 'பஃபி'யில் டாரா, வில்லோவோடு மறுபடி சேர்ந்த கையோடு குறிதவறிய குண்டுக்குச் செத்தாள். 2016 மார்ச்சில் 'தி 100' தொடரில் லெக்ஸா, தன் காதலி கிளார்க்கோடு சேர்ந்த கையோடு குறிதவறிய குண்டுக்குச் செத்தாள். பதினான்கு வருட இடைவெளி, அதே குண்டு. இரண்டாவது முறை பார்வையாளர்கள் சும்மா இருக்கவில்லை, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு நிதியும் திரட்டினார்கள். 'உங்கள் கே-க்களைப் புதையுங்கள்' என்று கிண்டலாகப் பெயரிடப்பட்ட இந்தப் பழக்கம் இந்தத் துறையின் பழைய வியாதி.

மனம் ஏற்கெனவே கனத்திருக்கும் காலத்தில், பார்க்கும் முன் சோதித்துவிடுங்கள். 'டஸ் த டாக் டை' என்ற தளத்தில் நாய் சாகிறதா என்பதோடு இந்தக் கேள்விக்கும் விடை இருக்கும். கதை தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம், தெரிந்து பார்ப்பதால் நல்ல கதை கெடாது.

அதற்காகச் சாவே கூடாது என்பதில்லை. 2023-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரின் மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள். உலகம் அழிந்தபின் ஒரு தெருவை வேலி போட்டுக் காக்கும் முரட்டு பில், அவன் குழியில் வந்து விழும் ஃபிராங்க். வருடங்கள் ஓடுகின்றன. ஒருநாள் ஃபிராங்க் பில்லைத் தோட்டத்துக்கு ஓடிவரச் சொல்கிறான். துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து ரகசியமாக விதை வாங்கி வளர்த்த ஸ்ட்ராபெரி பழுத்திருக்கிறது. இருவரும் மண்டியிட்டு ஆளுக்கு ஒன்று கடிக்கிறார்கள். அந்தத் தாடிக்காரன் சிறுபிள்ளைபோல் கிளுகிளுவென்று சிரிக்கிறான். பிறகு சாவும் வருகிறது, ஆனால் வாழ்ந்து முடித்தபின் வருகிறது. குண்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அப்போது நான் விளக்க வேண்டியிராது.

பேட்டியில் மட்டும் இருப்பவர்கள்

2007-ல் ஜே.கே. ரோலிங் நியூயார்க் மேடை ஒன்றில், தன் ஹாரி பாட்டர் கதைகளில் வரும் தலைமையாசிரியர் டம்பிள்டோர் கே என்றார். ஏழு புத்தகங்களிலும் அப்படி ஒரு வரி இல்லை. இப்படிப்பட்டவர்களை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். பேட்டியை எடுத்துவிட்டால் பக்கத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள், போதும். 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' என்ற கார்ட்டூன் தொடர் வேறு கதை. 2014 டிசம்பரில் வந்த கடைசிக் காட்சியில் கோரா, அசாமி என்ற இரண்டு பெண்களும் கைகோத்து ஒளிக்குள் நடக்கிறார்கள். குழந்தைகள் சானலில் அதற்கு மேல் காட்ட முடியாத காலம். ஆனாலும் அது திரையிலேயே இருக்கிறது.

காசு

'கார்மில்லா' இலவசம், குட்டன்பர்க் தளத்தில் கிடைக்கும். ஒரு பெண்ணின் மனதில் குடியேறும் பெண் ரத்தக்காட்டேரி. 1872-ல் தொடராக வந்து முடிந்தது, டிராகுலாவுக்கு 25 வருடம் அக்கா. புதிய சிறுகதைகளுக்கு 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்', 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' இதழ்கள் இணையத்தில் இலவசம். அடுத்த நாவலைத் தேட, குயர் நூல்களுக்கான லாம்டா இலக்கிய விருதின் அறிவியல் புனைவுப் பிரிவைப் பாருங்கள். கொல்கத்தாவில் தொடங்கும் இந்திர தாஸின் ஓநாய்மனிதர் நாவல் 'தி டெவரர்ஸ்' அந்தப் பட்டியலில்தான் எனக்குக் கிடைத்தது.

கடைசியாகத்தான் பழையவை

இப்போது கேள்வியைக் கதைக்குள் மட்டுமல்ல, எழுதியவர் காலத்தைப் பார்த்தும் கேளுங்கள். 1953 ஏப்ரலில் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த ஆணையால் தன்பாலீர்ப்பாளர்கள் அமெரிக்க அரசு வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூன் மாத இதழ் ஒன்றில் தியடோர் ஸ்டர்ஜனின் 'தி வேர்ல்ட் வெல் லாஸ்ட்' வந்தது. பூமிக்குத் தப்பிவந்த ஒரு காதல் இணையை அவர்கள் கிரகத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கப்பலில் இரண்டே ஆண்கள். அந்த இணைக்கு மனதைப் படிக்கத் தெரியும் என்று அறிந்ததும் இருவரில் ஒருவனுக்குப் பயத்தில் வியர்க்கிறது. ஏன் என்று சிறுகதையின் கடைசியில் தெரியும். 1967-ல் சாமுவேல் டிலேனி, கருப்பினத்தவர், கே, 'ஐ, அண்ட் கொமோரா'வை வெளியிட்டபோதும் இல்லினாய் தவிர மற்ற எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் தன்பாலுறவு குற்றம். இவர்கள் ஏன் சுற்றி வளைத்து எழுதினார்கள் என்பது இப்போது விளங்கும்.

அப்புறம் லெ குவின். கெதன் கிரகத்தில் நிரந்தர ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஏதோ ஒன்றாக மாறுகிறார்கள், இந்த முறை இது, அடுத்த முறை அது. அரசரே கர்ப்பமாகிறார். ஆங்கிலத்தில் எல்லோரையும் 'ஹீ' என்றே எழுதியதால், படிப்பவர் மனதில் எல்லோரும் ஆணாகவே நின்றுவிட்டார்கள் என்ற விமர்சனம் அவரைப் பல வருடம் துரத்தியது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. மனதுக்குள் ஒவ்வொரு 'ஹீ'யையும் 'அவர்' என்று மாற்றிக்கொண்டு படியுங்கள். வந்தார், சொன்னார், கருவுற்றார். அரசவை மரியாதைக்கும் அது பொருந்தும். நான் இரண்டாவது முறை எடுத்தபோது இதைத்தான் செய்தேன், நாவல் வழிவிட்டது.

இன்னொரு குறையை அவரே ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட மக்களுக்கிடையே ஏன் ஆண்-பெண் இணை மட்டும்தான் வர வேண்டும்? தேவையில்லாமல் பூட்டிவிட்டேன் என்று பின்னாளில் எழுதினார். 1995-ல் அதே கிரகத்துக்குத் திரும்பிப் போய் ஒரு சிறுகதையில் அந்தப் பூட்டைத் திறந்தார். 'கமிங் ஆஃப் ஏஜ் இன் கர்ஹைட்' என்ற அந்தக் கதையை நாவலுக்குப் பிறகு படியுங்கள், முன்னால் வேண்டாம்.

அரசவை அத்தியாயங்கள் இழுத்தால் வேகமாகப் புரட்டிக்கொண்டு போகலாம், பாதகமில்லை. பின்பாதியில் பூமியிலிருந்து போன ஜென்லியும் கெதன்காரர் எஸ்ட்ராவனும் பனிப்பாலையின் குறுக்கே சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். இரவில் சின்னக் கூடாரம், நடுவில் ஓர் அடுப்பு. ஒரு இரவு எஸ்ட்ராவனுக்கு ஆணாகவோ பெண்ணாகவோ மாறும் அந்த நாட்கள் வந்துவிடும். அந்தக் கூடாரத்தில் என்ன நடக்கிறது, என்ன நடக்காமல் போகிறது என்பதைப் படித்து முடிக்கும்வரை இணையத்தில் இந்த நாவலைப் பற்றி எதையும் தேடாதீர்கள்.